பூட்டி வைத்த கேமராவும் களவு போகும்

வெளிநாடு கிளம்புகிறவர் நல்ல கேமரா ஒன்றை எடுத்துப்போவதாகச் சொன்னால் போதும், நாலா பக்கத்திலிருந்தும் ஒரே அறிவுரைதான் வந்து விழும்: வெளியே காட்டாதே. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ, செல்போனில் எடுக்கிற படம் போதும் என்பார் ஒருவர். கொண்டுபோனாலும் ஓட்டல் அறை லாக்கரில் பூட்டிவிட்டு வேண்டும்போது மட்டும் எடு என்பார் இன்னொருவர். கம்பெனிப் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டு, பழைய துணிப்பையில் போடு, எஃகுக் கம்பி வைத்த வார் வாங்கு என்று பட்டியல் நீளும். அக்கறையில் பிறந்த அறிவுரைதான். மாதத் தவணை கட்டி வாங்கிய பொருள் பெயர் தெரியாத தெருவில் பறிபோய்விடக் கூடாதே என்ற பயமும் நியாயமானதே. ஆனாலும் இந்த அறிவுரை அடிப்படையிலேயே தவறு. கண்ணில் படுவதால்தான் கேமரா திருடு போகிறது என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. களவு நடக்கும் விதத்தைப் பார்த்தால் உண்மை வேறு. உடைமைக்காரரின் உடம்பை விட்டுக் கேமரா விலகியிருக்கும்போதோ, அவருடைய கவனம் கேமராவை விட்டு விலகியிருக்கும்போதோதான் அது போகிறது. ஒளித்து வைப்பது பெரும்பாலும் விலக்கி வைப்பதாகவே முடிகிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் காரியமே களவுக்கு வழி விடுகிறது.

திருடர்கள் வேலை செய்யும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. பார்சிலோனாவின் லா ராம்ப்லா, ரோமின் டெர்மினி ரயில் நிலையம், பாரிஸின் மெட்ரோ என்று எங்கே பார்த்தாலும் பல்லாண்டுகளாக அதே நான்கைந்து உத்திகள்தாம். தோளில் ஏதோ கொட்டும். புறா எச்சம் என்று ஒருவர் கைகாட்டி, காகிதக் கைக்குட்டையை நீட்டி, துடைக்கவும் உதவுவார். துடைப்பதற்காகப் பையைக் கீழே வைக்கும் அரை நிமிடத்தில் இன்னொருவர் பையோடு நடந்துவிடுவார். கையெழுத்துப் போடச் சொல்லி நெஞ்சுக்கு நேரே ஒரு அட்டையை நீட்டுவார்கள். அட்டைக்கு அடியில் ஒரு கை ஜிப்பைத் திறந்துகொண்டிருக்கும். உணவகத்தில் நாற்காலி முதுகில் மாட்டிய பையை, பின்னால் உட்கார்ந்திருப்பவர் தன் கோட்டை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு எழுந்து போவார். மெட்ரோ கதவு மூடும் நொடியில் கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்துவிடுவார்கள். கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றில் கேமரா கண்ணில் படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பைக்குள் இருப்பது கேமராவா, பாஸ்போர்ட்டா என்று திருடருக்குத் தெரிந்திருக்கக்கூட வேண்டாம். பை கையை விட்டு இறங்கியது, ஆள் அசந்துவிட்டார், அது போதும். இத்தாலியின் தண்டனைச் சட்டம் இந்தத் தொழில்நுட்பத்தை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. கைச்சாமர்த்தியத்தால் செய்யும் களவை 625ஆம் பிரிவு தண்டனையைக் கூட்டும் காரணமாகக் கொள்கிறது. உடம்பிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுவதை 624-பிஸ் பிரிவு தனிக் குற்றமாக்குகிறது.

களவு பற்றிய நம் பயம் நாடுகளின் வரைபடத்தையும் தவறாக வரைந்து வைத்திருக்கிறது. ஏழை நாட்டில் பையை இறுக்கிப் பிடிக்கிறவர் ஐரோப்பாவில் இறங்கியதும் பிடியைத் தளர்த்திவிடுகிறார். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. உள்ளே ஜேப்படிக் கும்பல்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2015 மே மாதம் அதே காரணத்துக்காக ஈபிள் கோபுர ஊழியர்களும் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். டிக்கெட் உண்டு, காவலர் உண்டு, கண்காணிப்புக் கேமரா உண்டு. அப்படிப்பட்ட இடத்திலேயே இது நடக்கிறது என்றால், களவுக்குத் தேவைப்படுவது நெரிசலும் அண்ணாந்து பார்க்கும் கூட்டமும்தான் என்பது விளங்கும். நாட்டின் வறுமைக்கும் கேமராவின் விலைக்கும் இதில் பங்கு குறைவு.

இனி, எல்லோரும் நம்பும் ஓட்டல் லாக்கருக்கு வருவோம். அறையின் அலமாரிக்குள் இருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்கு நாம் போடும் நான்கு இலக்க எண் ஒன்று; விருந்தினர் எண்ணை மறந்துவிட்டால் திறப்பதற்கென்று நிர்வாகத்திடம் இருக்கும் எண்ணோ சாவியோ இன்னொன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த நிர்வாக எண்ணை மாற்றாமலே விட்டுவைத்திருக்கும் விடுதிகள் உண்டு. சில பெட்டிகள் சுவரோடு சரியாக முடுக்கப்பட்டிருப்பதும் இல்லை. சட்டமும் இந்தப் பெட்டியை நாம் நினைக்கிற அளவுக்கு மதிப்பதில்லை. இங்கிலாந்தின் 1956ஆம் ஆண்டு ஓட்டல் உரிமையாளர் சட்டப்படி, உரிய அறிவிப்பை மாட்டி வைத்திருக்கும் விடுதியின் பொறுப்பு ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, ஒரு விருந்தினருக்கு மொத்தம் 100 பவுண்டு என்ற வரம்போடு நின்றுவிடும். பிரான்சின் குடிமைச் சட்டத்தில் வரம்பு ஒரு நாள் அறை வாடகையைப் போல 100 மடங்கு. பொருளை நிர்வாகத்தின் கையில் பாதுகாப்புக்கென்று ஒப்படைத்திருந்தால் இரண்டு நாட்டிலும் இந்த வரம்பு பொருந்தாது. விடுதியின் தவறுதான் காரணம் என்று காட்ட முடிந்தாலும் வரம்பு நீங்கும். ஆனால் பூட்டு உடையாத பெட்டியிலிருந்து ஒரு லென்ஸ் காணாமல் போனதை, மறுநாள் விமானம் ஏற வேண்டிய பயணி எப்படிக் காட்டுவார்? கேமராவை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால் வரவேற்பு மேசையில் கொடுத்து ரசீது வாங்குவதே சரி. அறைப் பெட்டி அவசரத்துக்கு உதவும். அதை நம்பிப் பகல் முழுவதும் கேமராவைப் பிரிந்திருப்பது, யார் யார் வந்து போகிறார்கள் என்று தெரியாத அறையில் அதைத் தனியே விடுவதாகும்.

வண்டியில் வைப்பது இன்னும் மோசம். சான்பிரான்சிஸ்கோவில் ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப், அலமோ சதுக்கம் போன்ற இடங்களில் நிறுத்திய வாடகைக் கார்களின் கண்ணாடியை உடைத்துப் பைகளை எடுப்பது நெடுங்காலத் தலைவலி. வண்டியில் எதையும் விட்டுச் செல்லாதீர்கள் என்று நகரமே பலகை வைத்து எச்சரிக்கிறது. டிக்கியில் பூட்டினால் தெரியாது என்பது மாயை. காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, எல்லோர் முன்பும் டிக்கியைத் திறந்து பையை உள்ளே வைக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அந்தத் திருடரின் வேலையே. மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டம் வாகனத்தையும் அதனுள் இருக்கும் பொருளையும் விடுதியின் பொறுப்பிலிருந்தே விலக்கிவிடுகிறது. பிரெஞ்சுச் சட்டம் வளாகத்தில் நிறுத்திய வண்டிக்குள் இருக்கும் பொருளுக்கு வரம்பை 50 மடங்காகப் பாதியாக்குகிறது. விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியும் அப்படியே. மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒரு பயணியின் மூட்டை முழுவதற்கும் சேர்த்து விமான நிறுவனத்தின் பொறுப்பு எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கு அலகில் 1,519, அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். ஒரு ஃபுல் ஃபிரேம் பாடியும் ஒரு 24-70 எம்.எம். எஃப்/2.8 லென்ஸும் சேர்ந்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அமெரிக்கச் சோதனை அதிகாரிகள் திறப்பதற்கென்று செய்த பூட்டுகளின் பொதுச் சாவிகள் 2014இல் ஒரு நாளிதழ்ப் படத்தில் வெளியாகி, 2015இல் அவற்றை முப்பரிமாண அச்சில் வார்க்கும் கோப்புகளும் பரவிவிட்டன. தனியாக எடுத்துச்செல்லும் லித்தியம் பேட்டரிகளைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்ற விதி தீ விபத்தை நினைத்துப் போடப்பட்டது; ஆனாலும் பேட்டரி போகும் வழியே கேமராவும் போவதுதான் விவேகம்.

டேப் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப்பால் மறைத்தார் என்பது புகைப்படக்காரர்களிடையே பிரபலமான செய்தி. படமெடுக்கப்படுகிறவர்களின் பார்வையை இழுக்காமல் இருக்கவே அவர் அப்படிச் செய்தார். இன்றைய திருடருக்குப் பெயர் எழுத்து தேவையில்லை; முன்னால் நீண்டிருக்கும் கண்ணாடியின் அகலத்தைப் பார்த்தாலே போதும். டேப் ஒட்டுவதால் கெடுதல் இல்லை, அதை நம்பி அசந்திருப்பதால்தான் கெடுதல். கேமராவே வேண்டாம், செல்போன் போதும் என்ற வாதமும் பாதுகாப்பு என்ற அளவில் நிற்காது. லண்டன் தெருக்களில் மின்சைக்கிளில் வந்து பறித்துப் போவது செல்போனைத்தான். நீட்டிய கையில், வார் இல்லாமல், இரண்டு விரல் பிடியில் இருக்கும் பொருள் அது. போனால் அதோடு வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, விடுதி முகவரி, வீட்டாரின் எண்கள் எல்லாம் போகும். கேமராவுக்குப் பயந்து செல்போனை நாள் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவர், இழந்தால் ஈடுகட்டவே முடியாத ஒன்றை ஆபத்தில் நிறுத்துகிறார்.

அப்படியானால் கேமரா எங்கே இருக்க வேண்டும்? உடம்போடு, கைக்கு அடியில், வேலை செய்துகொண்டு. வாரைக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிடாமல் ஒரு தோளிலிருந்து மறு இடுப்புக்குக் குறுக்கே போட்டு, நெரிசலில் வாரைச் சுருக்கிக் கேமராவை முன்பக்கம் கொண்டுவந்து முழங்கையால் அணைத்துக்கொண்டால், மேலே சொன்ன உத்திகளில் பெரும்பாலானவை பலிக்காமல் போகும். உட்காரும்போது பை நாற்காலியின் முதுகில் தொங்கக் கூடாது. வாருக்குள் ஒரு காலை நுழைத்துக்கொண்டு பையைக் கால்களுக்கு இடையில் வைக்க வேண்டும். ரயிலில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு துணிப்பெட்டிக்கு மட்டும். கேமராவின் இடம் மடி. கூட்டத்தின் நடுவே லென்ஸ் மாற்றக் கூடாது, ஏனென்றால் அப்போது இரண்டு கையும் சிக்கிக்கொள்ளும், பை திறந்து கிடக்கும். ஒரு பாடி, ஒரு லென்ஸ் என்று கிளம்புகிறவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. யாராவது திடீரென்று உதவ வந்தாலோ, கேள்வி கேட்டாலோ, மேலே இடித்தாலோ, பதில் சொல்வதற்கு முன் கை கேமராவைப் பிடிக்க வேண்டும். இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. கடையில் விற்கும் எஃகுக் கம்பி வார் கத்திக்கு அறாது என்பது உண்மை. அதே காரணத்தால், மோட்டார்சைக்கிளில் வந்து இழுக்கும் சைகோன் தெருவிலோ, ஸ்கூட்டரில் வந்து பறிக்கும் நேப்பிள்ஸ் சந்திலோ அந்த வார் ஆளையும் சேர்த்து இழுத்துப் போகும். அங்கே கேமரா சாலைப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் இருப்பதுதான் காப்பு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜேப்படிக்கு இதெல்லாம் சரி, துப்பாக்கிக்கு என்ன பதில்? 2017 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவின் ட்வின் பீக்ஸ் குன்றில் காலையில் படமெடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கேமராவுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். கேமரா வெளியே தெரிந்ததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. வழிப்பறி வேறு வகைக் குற்றம். அதை வாரும் முழங்கையும் தடுக்காது. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய பாடம் கேமராவை எங்கும் வெளியே எடுக்காதே என்பதல்ல. ஆளரவம் இல்லாத காட்சிமுனை, விடியற்காலை, பின்னிரவு, தப்பிக்க ஒரே பாதை உள்ள இடம் ஆகியவற்றுக்குத் தனியே போகாதே என்பதும், உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று சொல்லும் தெருவைத் தவிர்த்துவிடு என்பதும்தான் பாடம். அதையும் மீறி ஆயுதம் வந்து நின்றால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், ஒரு நொடிகூட யோசிக்காமல். அந்த நொடியில் தயங்காமல் கொடுக்கும் மனம் துணிச்சலால் வருவதில்லை. இழப்பு தாங்கக்கூடியது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தவருக்குத்தான் அது வரும். ஒளித்து வைக்கச் சொல்லும் அறிவுரை முற்றிலும் மறந்துவிட்ட பகுதி இந்த ஏற்பாடுதான்.

அதில் முதலாவது படங்கள். கேமராவைக் கடையில் மறுபடி வாங்கலாம். பயணத்தில் எடுத்த படத்தை வாங்க முடியாது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ராபர்ட் காப்பா, கெர்டா டாரோ, டேவிட் சேமோர் ஆகிய மூன்று புகைப்படக்காரர்கள் எடுத்த ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள் 1939 வாக்கில் பாரிஸிலிருந்து வெளியேறியபின் காணாமல் போயின. மெக்சிகோ நகரத்தில் கண்டெடுக்கப்பட்டு 2007 டிசம்பரில் நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையத்துக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் ஆயின; இடையில் அவற்றைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. அவர்களுடைய கேமராக்களுக்காக யாரும் அப்படித் தவிக்கவில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2018இல் நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்கள் ஒரே ஒரு மெமரி கார்டு இடத்தோடு வந்தபோது எழுந்த எதிர்ப்பும், 2020இல் அவற்றின் அடுத்த பதிப்பு இரண்டு இடங்களோடு வந்ததும் அதனால்தான். ஆனால் இரண்டு கார்டும் ஒரே கேமராவுக்குள் இருந்தால் கார்டு கெடுவதற்குத்தான் அது காப்பு, களவுக்கு அல்ல. தினமும் இரவு படங்களைப் பிரதியெடுத்து, பிரதியைக் கேமராப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். நிறைந்த கார்டு சட்டைப்பையில், சின்ன டிரைவ் துணிப்பெட்டியில், பொறுக்கிய சில படங்கள் இணையத்தில் என்று பிரித்தால், எந்த ஒரு பை போனாலும் பயணம் முழுவதும் போகாது. லேப்டாப், டிரைவ், கேமரா மூன்றையும் விலையுயர்ந்த ஒரே பையில் பூட்டி வைப்பவர் மூன்றையும் ஒரே இழுப்பில் இழக்கிறார்.

இரண்டாவது, காகிதம். பில்லும் சீரியல் நம்பரும் படமெடுக்கப்பட்டு, எங்கிருந்தும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும்போது சுங்க அதிகாரியிடம் விலையுயர்ந்த கேமராவைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கலாம். திரும்பி வரும்போது வரி கேட்காமல் இருக்க அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். களவு போனால் அதுவே உடைமைக்கு அரசு முத்திரையுள்ள சான்று. விலைக்குச் சான்று இருப்பது வழக்கின் தன்மையையே மாற்றும். ஸ்பெயினில் 400 யூரோவுக்கு மேற்படாத களவுக்குப் பொதுவாக அபராதம்தான். அதைத் தாண்டினால் 6 முதல் 18 மாதச் சிறை. போலீஸ் புகாரின் நகல் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பேசவே செய்யாது என்பதால், பொருள் கிடைக்காது என்று தெரிந்தாலும் புகார் எழுதித்தான் ஆக வேண்டும். கேமராப் பைக்குள் ஏர்டேக் என்ற இருப்பிடங்காட்டி வில்லையை வைத்தால் போதும் என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது: பிறரை ரகசியமாகப் பின்தொடர அது பயன்படக் கூடாது என்பதற்காக, தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருவதை ஐபோன் எச்சரிக்கும், 2023 முதல் ஆண்ட்ராய்டும் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை திருடருக்கும் போகும்.

காப்பீட்டுப் பத்திரத்தை வாசித்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதத்தை அதுவே சொல்வது தெரியும். கவனிப்பாரின்றி விட்டுச்சென்ற பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்ற விதி பயணக் காப்பீடுகளில் வழக்கமாக இருப்பது. களவுகளுக்குக் காசு கொடுத்துக் கொடுத்துப் பழகிய தொழில் அது. கேமராவைத் தோளில் போட்டு நடக்காதே என்று அது நிபந்தனை போடவில்லை. அதை விட்டுவிட்டுப் போகாதே என்றுதான் போடுகிறது. ஆபத்து பிரிவில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பாரபட்சமற்ற சாட்சி கிடைப்பது அரிது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஒரு பொருளுக்கென்று இருக்கும் உச்சவரம்பு நல்ல கேமராவின் விலைக்கு எட்டாமல் போகலாம். வரம்பு போதவில்லை என்றால், உலகம் முழுதும் செல்லும்படி கேமராவுக்கென்றே தனிக் காப்பீடு கிடைக்குமா என்று கிளம்புவதற்கு முன் விசாரிக்க வேண்டும். கூடுதல் செலவு எதற்கு என்று கேட்பவர்கள், கம்பி வாருக்கும் பூட்டுக்கும் திருட்டுத் தடுப்புப் பைக்கும் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்க்கட்டும்.

நாள் முழுவதும் இப்படி விழிப்பாக இருந்தால் பயணத்தை ரசிப்பது எப்படி என்பது மிச்சமிருக்கும் கேள்வி. விழிப்பும் பதற்றமும் ஒன்றல்ல. வாரைக் குறுக்கே போடுவதும் காலை வாருக்குள் நுழைப்பதும் சில நாளில் பழக்கமாகிவிடும். பழக்கமானது மனத்தை அரிக்காது. மனத்தை அரிப்பது அறையில் பூட்டிவிட்டு வந்த பொருளின் நினைப்பு. அருங்காட்சியகத்தில் நிற்கும்போது லாக்கரை நினைப்பதும், சந்தையில் நிற்கும்போது காரை நினைப்பதும்தான் ரசனையைக் கெடுக்கிறது. கூடவே, ஒளித்து வைக்கும் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாலை வெயில் மாதா கோயில் சுவரில் ஏறும் நேரத்தில் கேமரா அறையில் இருந்தால் அந்தப் படம் இல்லை. திருடரே வராத அந்த நாளிலும் படம் போய்விட்டது. திருடு போகும் கேமரா ஒரு முறை போகிறது. பயந்து பூட்டிய கேமரா பயணத்தின் ஒவ்வொரு நாளும் போகிறது.

ஆகவே, அடுத்து வெளிநாடு கிளம்புகிறவருக்கு அறிவுரை சொல்ல வாய்ப்பவர்கள் அதை மாற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கேமராவைக் கொண்டுபோ. உடம்போடு வைத்துக்கொள். ஆளில்லாத இடத்துக்குத் தனியே போகாதே. படத்தைத் தினமும் பிரித்து வை. பில்லையும் எண்ணையும் காப்பீட்டையும் சரியாக வை. ஆயுதம் வந்தால் கொடுத்துவிடு. வெளியே காட்டாதே என்ற ஒற்றைச் சொல்லைவிட இது நீளம்தான். ஆனால் பொருள், படம், உயிர் மூன்றையும் தனித்தனியாக நினைத்துப் பார்த்துச் சொல்லும் அறிவுரை இதுதான்.